கைவினைக் கணினியும் கட்டற்ற மென்பொருளும்

(இலக்கிய வட்டத்தின் பத்தாம் ஆண்டு நிறைவு விழாவில் நிகழ்த்தப்பட்ட உரையின் எழுத்து வடிவம்)



இலக்கிய மேடையில் கணினியைப் பற்றிய உரைக்கு இடமுண்டா என்ற ஐயம் சிலருக்கு எழக்கூடும். ஓலையில் எழுதிய புலவர் எழுத்தாணிக்காக எவரிடமும் உரிமம் பெறவில்லை. தாளில் எழுதிய கவிஞர் பேனாவைக் காசு கொடுத்து வாங்கினார். வாங்கிய பின் அந்தப் பேனா அவருடையது. இன்று கவிதைகள் பெரும்பாலும் கணினியில் தட்டப்படுகின்றன. தட்டிய எழுத்தைத் திரையில் வரைவதும், கோப்பாகச் சேமிப்பதும், கேட்கும்போது மீண்டும் எடுத்துத் தருவதும் இயக்குதளம் என்னும் அடிப்படை மென்பொருளைச் சார்ந்த பணிகள். அந்தத் தளம் எவருடையது, எந்த நிபந்தனையோடு எழுதுவோரின் கைக்கு வந்தது என்பவை எழுத்தின் ஆயுளோடு தொடர்புடைய கேள்விகள். ஆகவே, தானே கட்டிய மடிக்கணினிக்குக் கட்டுப்படியாகும் இயக்குதளம் தேடுவது என்பது கடைத்தெருச் செய்தி போலத் தோன்றினாலும் கவிஞர் அவைக்கும் உரிய பொருளே.

உடல் உண்டு, உயிர் இல்லை

கொடைக்கானலுக்கு அருகே, பழனி மலைச் சரிவில், படிப்படியாக வெட்டிய வயல்களுக்கு நடுவே இருக்கும் ஊர் வில்பட்டி. அவ்வூரில் ஒருவர் மடிக்கணினி ஒன்றைத் தாமே கட்ட முனைகிறார் எனக் கொள்க. புதியது வாங்கக் கையில் பணமில்லை, கைத்திறன் உண்டு. பழுதான இரண்டு மூன்று மடிக்கணினிகளைப் பிரித்து, ஒன்றின் மதர்போர்டு, மற்றொன்றின் திரை, வேறொன்றின் விசைப்பலகை எனப் பொருத்துகிறார். கிடைக்காத உறுப்புகளைத் திண்டுக்கல்லிலோ மதுரையிலோ தேடுகிறார். அங்கும் இல்லையென்றால் சென்னை ரிச்சி தெருவிலிருந்து வரவழைக்கிறார். இது அரிய செயலன்று. தில்லி நேரு பிளேஸ் கடைகளில் பழைய உறுப்புகளைக் கொண்டு மடிக்கணினிகளுக்கு மறுபிறவி தருவதையே தொழிலாகக் கொண்டவர்கள் இருக்கிறார்கள்.

உலகின் பிற பகுதிகளிலும் இம்முயற்சிக்கு மரபு உண்டு. 2012ஆம் ஆண்டு பிப்ரவரி 29 அன்று இங்கிலாந்தில் வெளியான ராஸ்பெரி பை என்னும் சிறு கணினிப் பலகை 35 டாலர் விலையில் வந்தது. அதற்குத் திரையும் மின்கலமும் கூட்டி மடிக்கணினி செய்தோர் பலர். பல்கேரிய நாட்டின் ஒலிமெக்ஸ் நிறுவனம் 2017இல் வீட்டிலேயே பொருத்திக்கொள்ளும் மடிக்கணினித் தொகுதியை விற்பனைக்குக் கொண்டுவந்தது. பெர்லின் நகரில் உருவான ரிஃபார்ம் என்னும் மடிக்கணினியின் வரைபடங்கள் அனைத்தும் எவரும் காணுமாறு வெளியிடப்பட்டுள்ளன.

வில்பட்டிக்காரர் கடைசித் திருகாணியையும் முடுக்கி விசையை அழுத்துகிறார். விளக்கு எரிகிறது, விசிறி சுழல்கிறது, திரையில் ஒரே ஒரு வரி. துவக்குவதற்கு இயக்குதளம் எதுவும் இல்லை என்பது அதன் பொருள். உடல் முழுமையாக இருந்தும் உயிர் வரவில்லை. அவர் முன்னே இப்போது மூன்று வழிகள் இருக்கின்றன.

மூன்று வழிகள்

முதல் வழி, விலை கொடுத்து வாங்குவது. பெரும்பாலோர் அறிந்த விண்டோஸ் தளத்தின் வீட்டுப் பதிப்புக்கு உரிமம் தனியாக வாங்கினால் பத்தாயிரம் ரூபாய் அளவில் ஆகும். பழைய உறுப்புகளைத் தேடிச் சேர்த்த கணினிக்கு அதன் உடலின் விலையைவிட உயிரின் விலை மிகுந்துவிடக்கூடும். கொடுக்க மனமிருந்தாலும் மற்றொரு தடை உண்டு. 2021இல் வெளிவந்த விண்டோஸ் 11, குறிப்பிட்ட தலைமுறைக்குப் பிற்பட்ட செயலிகளையும் டிபிஎம் 2.0 என்னும் பாதுகாப்பு உறுப்பையும் கேட்கிறது. அதற்கு முந்தைய விண்டோஸ் 10க்கு வழக்கமான ஆதரவு 2025 அக்டோபர் 14உடன் முடிந்தது. நன்றாக உழைக்கும் எத்தனையோ பழைய கணினிகள் அதனால் வாசலுக்கு வெளியே நிறுத்தப்பட்டன. காசு கொடுத்தும் நுழைய முடியாத கதவு அது.

இரண்டாம் வழி, களவு. உரிமமற்ற நகலைக் கடைக்காரரே பொருத்தித் தருவார். சில நூறு ரூபாய்க்கு எங்கிருந்து வந்ததென்று தெரியாத உரிம எண்களும் விற்கப்படுகின்றன. இந்த வழியை இவ்வவையில் சற்று நின்று எண்ணிப் பார்க்க வேண்டும். தம் கவிதையைக் கேளாமலே எடுத்து, பெயரையும் விட்டுவிட்டு வெளியிட்ட இதழின்மேல் கவிஞர் சினங்கொள்வது நியாயம். அந்தச் சினத்தைக் கடிதமாக அவர் தட்டும் கணினியில் இருப்பது திருட்டு நகல் என்றால் கடிதத்தின் ஒலி குன்றிவிடாதா? பிறர் உழைப்பை மதியாதவருக்குத் தம் உழைப்பை மதிக்குமாறு கேட்கும் தகுதி குறைகிறது. அறத்தை ஒதுக்கினாலும் நோயுற்ற நகலால் வரும் இழப்பு வேறு இருக்கிறது. உள்ளே புகுந்த நச்சு நிரல் கோப்புகளை அழித்தால் போவது பல ஆண்டு எழுத்து.

மூன்றாம் வழி, கட்டற்ற மென்பொருள். வில்பட்டிக்காரருக்கு இருந்த அதே தேவையிலிருந்துதான் அதன் பெரும்பகுதி பிறந்தது.

ஒரு மாணவரின் தேவை

அமெரிக்காவின் எம்.ஐ.டி. ஆய்வுக்கூடத்தில் பணியாற்றிய ரிச்சர்ட் ஸ்டால்மன், அடிக்கடி தாள் சிக்கிக்கொண்ட ஓர் அச்சுப்பொறியின் மென்பொருளைச் சீர்செய்ய விரும்பினார். அதன் மூலநிரல் அவருக்கு மறுக்கப்பட்டது. கண்முன் இருக்கும் பொறியைத் தன் அறிவைக் கொண்டு திருத்த முடியாத நிலையை அவர் அநீதியாகக் கண்டார். 1983 செப்டம்பரில் குனு என்னும் திட்டத்தை அறிவித்தார். எந்தப் பயனுக்கும் இயக்கலாம், எவ்வாறு இயங்குகிறது என்று படித்து மாற்றலாம், நகலெடுத்து அயலாருக்குத் தரலாம், மாற்றியதையும் வெளியிடலாம். இந்நான்கு உரிமைகளே கட்டற்ற மென்பொருளின் இலக்கணம்.

1991இல் பின்லாந்தின் ஹெல்சிங்கிப் பல்கலைக்கழக மாணவர் லினஸ் டோர்வால்ட்ஸ் தவணை முறையில் ஒரு கணினி வாங்கினார். பல்கலைக்கழகத்தில் அவர் பழகிய யூனிக்ஸ் தளத்தின் விலையோ மாணவர் கைக்கு எட்டாதது. பாடம் கற்பிப்பதற்காக எழுதப்பட்ட மினிக்ஸ் என்னும் சிறிய தளம் அவர் தேவைக்குப் போதவில்லை. எனவே தாமே ஒரு கருநிரலை எழுதத் தொடங்கினார். அவ்வாண்டு ஆகஸ்ட் 25 அன்று அதை அறிவித்தபோது, பொழுதுபோக்காகச் செய்வது, பெரிதாக வளராது என்றே அடக்கத்தோடு குறிப்பிட்டார். 1992இல் அது குனு பொது உரிமத்தின்கீழ் வந்தது. குனு திட்டத்தார் எழுதிய கருவிகளோடு இணைந்து முழுமை பெற்றது. லினக்ஸ் என்று இன்று வழங்கும் அத்தளம் உலகின் மீத்திறன் கணினிகளையும் ஆண்ட்ராய்டு கைப்பேசிகளையும் இயக்குகிறது. கைக்கு எட்டாத விலை ஒரு மாணவரைத் தேட வைத்தது; அந்தத் தேடலின் பயனை உலகமே நுகர்கிறது.

சென்னை ஐஐடி ஆய்வாளர்கள் சக்தி என்னும் செயலியை வடிவமைத்து 2018இல் இயக்கிக் காட்டியபோது அதன்மேல் எழுந்து நின்றதும் லினக்ஸ்தான். புதிதாக ஒரு செயலியைச் செய்தவர், அதில் ஓடுமாறு தளத்தைத் திருத்த எவரிடமும் அனுமதி கேட்க வேண்டியிருக்கவில்லை. பெரிய ஆய்வுக்கூடத்துக்குக் கிடைத்த அதே உரிமை வில்பட்டியில் பழைய உறுப்புகளைப் பொருத்துபவருக்கும் உண்டு.

விதைப்பூண்டும் பாரதி பாடல்களும்

இந்த உரிமத்தின் தன்மையை மலைநாட்டு உழவருக்கு விளக்குவது எளிது. கொடைக்கானல் மலைகளில் விளையும் மலைப்பூண்டு புவிசார் குறியீடு பெற்றது. பூண்டுக்கு விதை என்பது பூண்டின் பல்லே. விளைச்சலில் ஒரு பங்கை உழவர் அடுத்த நடவுக்கு எடுத்து வைக்கலாம். அண்டை வயல்காரருக்கும் கொடுக்கலாம். ஒவ்வோராண்டும் கடையில் புதிதாக வாங்கியே தீரவேண்டிய கலப்பின விதை அப்படிப்பட்டதன்று. உரிமம் வாங்கிய மென்பொருள் இரண்டாம் வகை. கட்டற்ற மென்பொருள் முதல் வகை. ஒரு வேறுபாடும் உண்டு. குனு பொது உரிமத்தின்கீழ் விதை பெற்றவர், அதைத் திருத்தி விளைவித்துப் பிறருக்குத் தரும்போது அவர்களுக்கும் அதே உரிமையோடுதான் தரவேண்டும். வாங்கும்போது திறந்திருந்த கதவைக் கொடுக்கும்போது பூட்டக்கூடாது.

தமிழ் இலக்கிய வரலாற்றிலும் இதற்கு அணுக்கமான நிகழ்ச்சி உண்டு. பாரதியார் மறைந்த பின் அவர் பாடல்களின் உரிமை பலர் கைமாறியது. இசைத்தட்டு, திரைப்பட உரிமை ஏ.வி. மெய்யப்பச் செட்டியாரிடம் இருந்தது. பாரதி பாடல் மக்களுக்குப் பொதுவாக வேண்டும் என்று எழுத்தாளர்களும் கலைஞர்களும் எழுப்பிய குரலின் பயனாக, ஓமந்தூர் ராமசாமி ரெட்டியார் தலைமையிலான அரசு 1949இல் அவ்வுரிமைகளைப் பெற்றது. மெய்யப்பச் செட்டியார் தம் உரிமையைப் பணம் பெறாமலே விட்டுக்கொடுத்தார். 1955இல் பாரதி படைப்புகள் மக்களுக்கே உடைமையாயின. அதன் பின் எந்த ஊர் அச்சகமும் மலிவு விலையில் பாரதியை அச்சிட முடிந்தது. விலை குறைந்தது அங்கே விளைவு. உரிமை திறந்தது காரணம். மென்பொருளிலும் இந்த வரிசை மாறுவதில்லை.

இலவசமாகக் கிடைப்பது மட்டுமே பெருமை என்று கருதினால் பொருளில் பாதி விடுபட்டுவிடும். இன்று இலவசமாகத் தரும் நிறுவனம் நாளை விலை கேட்கலாம். சேவையை நிறுத்தவும் செய்யலாம். மூலநிரலும் அதை மாற்றும் உரிமையும் கையிலிருந்தால் ஒருவர் கைவிட்டதை வேறொருவர் எடுத்து நடத்த முடியும்.

எழுத்துருவில் சிறைப்பட்ட தமிழ்

கவிஞர்களுக்கு இதில் இருக்கும் நேரடியான ஆபத்துக்கு வருவது தகும். 1990களில் தமிழ்க் கணினி எழுத்து பல அரசர்கள் ஆண்ட நாடாக இருந்தது. ஒவ்வொரு மென்பொருளாரும் தத்தம் விருப்பப்படி, ஆங்கில எழுத்துகளுக்குரிய இடங்களில் தமிழ் வடிவங்களை அமர்த்தினர். ஓர் எழுத்துருவில் தட்டிய கவிதையை மற்றோர் எழுத்துருவில் திறந்தால் பொருளற்ற குறிகளின் குவியலே தெரியும். மலேசியாவின் முத்து நெடுமாறன், சிங்கப்பூரின் நா. கோவிந்தசாமி, சுவிட்சர்லாந்தின் கு. கல்யாணசுந்தரம் போன்றோர் கடல் கடந்த நாடுகளிலிருந்து தமிழ்க் கணிமைக்குப் பாதை வெட்டினர். டிஸ்கி என்னும் பொதுக் குறியீடு இணையவழிக் கலந்துரையாடலில் உருவாயிற்று. 1999 பிப்ரவரியில் சென்னையில் நடந்த தமிழ்நெட் 99 மாநாட்டைத் தொடர்ந்து டாம், டாப் என்னும் குறியீடுகளும் தமிழ் 99 விசைப்பலகையும் அரசின் ஏற்பைப் பெற்றன. ஒருங்குறி முறையில் 1991ஆம் ஆண்டின் முதற்பதிப்பிலேயே தமிழுக்கு இடம் இருந்தது. ஆயினும் அது பரவலான வழக்குக்கு வரப் பல ஆண்டுகள் ஆயின. 2010இல் தமிழக அரசு ஒருங்குறியையும் டேஸ் 16ஐயும் தரமாக ஏற்றது.

இடைப்பட்ட ஆண்டுகளில் தட்டிய கவிதைகள் என்னவாயின? குறுவட்டுகளில், நெகிழ்வட்டுகளில், அச்சகங்களின் பழைய கணினிகளில் கிடக்கின்றன. எழுதிய மென்பொருள் மறைந்தது. அது ஓடிய தளம் மறைந்தது. பணம் கொடுத்து வாங்கிய எழுத்துருவே எழுத்துக்குச் சிறையானது. செல்லரித்த ஓலையில் எஞ்சிய பாதியையாவது கண்ணால் படிக்கலாம்; திறவாத கோப்பில் ஓர் எழுத்தும் தெரியாது. உ.வே.சாமிநாதையர் ஊர் ஊராக அலைந்து ஏடு தேடியது போலப் பழைய எழுத்துருக்களைத் தேட வேண்டிய நிலை இந்தத் தலைமுறைக்கு வந்திருக்கிறது.

திரையில் தமிழ் சரியாகத் தெரிவதில் இயக்குதளத்தின் பங்கு பெரிது. உயிர்மெய்யில் மெய் முன்னும் உயிர் பின்னுமாக ஒலிக்கும் என்பது தொல்காப்பியம் கூறும் விதி. ஒருங்குறி அதே வரிசையில்தான் எழுத்தைச் சேமிக்கிறது. ‘கெ’ என்பதில் ககர மெய் முதலிலும் எகரக் குறி பின்னரும் நிற்கின்றன. ஆனால் கண்ணுக்கு ஒற்றைக் கொம்பு முன்னே வரவேண்டும். சேமித்த வரிசையைப் படித்துக் கொம்பை முன்னே தள்ளி, ‘கொ’ என்றால் இருபுறமும் குறியிட்டு வரைவது தளத்தோடு வரும் எழுத்து வரைபொறியின் வேலை. கட்டற்ற தளங்களில் இவ்வேலையைச் செய்யும் ஹார்ஃப்பஸ் போன்ற நிரல்கள் திறந்தே கிடக்கின்றன. பிழை கண்ட தமிழர் நிறுவனத்துக்கு விண்ணப்பம் எழுதிக் காத்திருக்கலாம். தாமே திருத்தி அனுப்பவும் செய்யலாம். இந்த இரண்டாவது உரிமையை மற்ற வகைத் தளங்கள் தருவதில்லை.

அரசு செய்ததும் செய்ய எஞ்சியதும்

இந்திய அரசின் சிடாக் நிறுவனம் சென்னையிலிருந்து 2007இல் பாஸ் என்னும் லினக்ஸ் தளத்தை வெளியிட்டது. டெபியன் என்னும் உலகளாவிய தொகுப்பை அடிப்படையாகக் கொண்டு இந்திய மொழிகளுக்கு ஏற்ப அமைக்கப்பட்டது அது. 2011 செப்டம்பர் 15 அன்று தமிழக அரசு மாணவர்களுக்கு விலையில்லா மடிக்கணினி வழங்கத் தொடங்கியபோது அவற்றில் விண்டோஸும் பாஸும் அருகருகே இருந்தன. மலைக் கிராமங்களின் மாணவர் கைகளுக்கும் கட்டற்ற தளம் அரசு முத்திரையோடு போய்ச் சேர்ந்தது. அது சிறிய செயலன்று.

ஆயினும் தளத்தைக் கையில் கொடுப்பது ஒன்று. அதைப் பழக்குவது மற்றொன்று. கேரள அரசுப் பள்ளிகளில் கட்டற்ற மென்பொருளே கணினிப் பாடத்தின் அடித்தளமானது. பாடநூலும் ஆசிரியர் பயிற்சியும் செய்முறைத் தேர்வும் அதன்மேலே அமைந்தன. பள்ளியில் தொட்டுப் பழகிய தளத்தைப் பிள்ளைகள் வீட்டிலும் அஞ்சாமல் நிறுவுவர். தமிழகத்தில் இப்பணியைத் தன்னார்வக் குழுக்களே மிகுதியாகச் சுமந்து வருகின்றன. சென்னையின் லினக்ஸ் பயனர் குழு, விழுப்புரத்தின் குனு/லினக்ஸ் பயனர் குழு, தமிழில் கணிநுட்பக் கட்டுரைகளை வெளியிட்டுவரும் கணியம் இதழ் ஆகியவை நன்றியோடு குறிக்கத்தக்கவை.

தேர்ந்தெடுக்கும் முறை

வில்பட்டிக்காரர் எதை நிறுவுவது? 4 ஜிபி நினைவகம் உடைய பழைய கணினி எனில் லுபுண்டு, அல்லது எக்ஸ்எஃப்சிஇ முகப்போடு வரும் டெபியன், லினக்ஸ் மின்ட் போன்றவை எளிதாக ஓடும். செயலி 32 பிட் வகையா, 64 பிட் வகையா என்று முதலில் பார்க்க வேண்டும். 2025 ஆகஸ்டில் வந்த டெபியன் 13இல் பழைய 32 பிட் கணினிகளுக்கான நிறுவி இல்லை. அதற்கு முந்தைய 12ஆம் பதிப்பில் உண்டு. தளத்தை ஒரு பென்டிரைவில் ஏற்றி, நிறுவாமலே சிறிது நேரம் ஓட்டிப் பார்க்கும் வசதி பெரும்பாலான தொகுப்புகளில் இருக்கிறது. வைஃபை, ஒலி, திரையின் ஒளி, மூடித் திறந்தால் விழிக்கும் தன்மை ஆகிய நான்கையும் அப்போதே சோதித்துவிடுவது நலம். பல இடங்களிலிருந்து வந்த உறுப்புகள் ஒன்றோடொன்று இணங்காமல் போவது இயல்பு. வைஃபை அட்டையே மிகுதியாகத் தொல்லை தரும். அதற்கான பூட்டிய நிரல்துண்டுகளையும் நிறுவியிலேயே சேர்ப்பதென 2022இல் டெபியன் உறுப்பினர்கள் வாக்களித்து முடிவு செய்தனர். கொள்கைக்கும் நடைமுறைக்கும் இடையே அவர்கள் செய்துகொண்ட இணக்கம் அது.

தமிழில் தட்ட ஐபஸ் என்னும் உள்ளீட்டு முறையை நிறுவித் தமிழ் 99 விசைப்பலகையைத் தெரிவு செய்தால் போதும். தட்டச்சுப் பழகியவருக்கும் ஒலிபெயர்ப்பாகத் தட்டுவோருக்கும் தனித்தனி அமைப்புகள் அதில் உண்டு. எழுத லிப்ரே ஆபீஸ் இருக்கிறது. பக்கம் அமைக்க ஸ்கிரைபஸ் இருக்கிறது. குறைகளை மறைக்க வேண்டியதில்லை. அச்சகங்களில் வழங்கும் சில பக்க வடிவமைப்பு மென்பொருள்கள் லினக்ஸில் ஓடா. அத்தகைய அச்சகத்துக்குப் பிடிஎஃப் கோப்பாக அனுப்ப வேண்டும். புதிய தளத்தில் கை பழகச் சில வாரங்கள் பிடிக்கும். அந்தச் சில வாரங்களே இத்தளத்துக்குக் கொடுக்க வேண்டிய விலை.

கவிஞர்களிடம் ஒரு வேண்டுகோள்

கட்டற்ற தளங்களைத் தமிழாக்கும் பணி 1990களின் இறுதியிலேயே தொடங்கியது. கோப்பு, சேமி, வெட்டு, ஒட்டு போன்ற சொற்கள் இன்று இயல்பாக ஒலிக்கின்றன. அவற்றைத் தேர்ந்தவர்களுள் பலர் பகலெல்லாம் வேறு வேலை செய்து இரவில் ஊதியமின்றி மொழிபெயர்த்தவர்கள். எனினும் திரையில் இன்னும் எத்தனையோ சொற்கள் கரடுமுரடாக நிற்கின்றன. ‘அன்டூ’ என்பதற்குச் ‘செயல்தவிர்’ என்ற சொல் வழங்குகிறது. செய்ததை மீட்டெடுக்கும் பொருளைவிடச் செய்யாதே என்று தடுக்கும் பொருளே அதில் முந்தி நிற்கிறது. சொல்லின் எடையை உள்ளங்கையில் வைத்து உணர்பவர் கவிஞர். நிரல் எழுதத் தெரியாதவரும் இம்மொழிபெயர்ப்பில் பங்கேற்கலாம். நல்ல சொல்லை முன்மொழிந்தால் பொறுப்பாளரின் ஏற்போடு அது தளத்தில் சேரும். அச்சொல் ஆயிரக்கணக்கான திரைகளில் நாள்தோறும் வாசிக்கப்படும். ஒரு கவிஞரின் சொல்லுக்கு அதைவிடப் பரந்த அவை எளிதில் வாய்க்காது.

வட்டத்துக்கு உரிய கடமைகள் மூன்று. இனி வெளியிடும் மலர்களையும் தொகுப்புகளையும் ஒருங்குறியில், எந்தத் தளத்திலும் திறக்கும் வடிவில் சேமித்தல் வேண்டும். பத்தாண்டுகளில் வந்த பழைய கோப்புகள் எந்தெந்த எழுத்துருவில் உள்ளன என்று பட்டியலிட்டு, அவற்றைத் திறக்கவல்ல கணினி ஒன்றேனும் உயிரோடு இருக்கும்போதே மாற்றிவிடுதல் வேண்டும். உறுப்பினர் வீடுகளில் தூங்கும் பழைய மடிக்கணினிகளுக்குக் கட்டற்ற தளம் நிறுவி, வாங்க வசதியற்ற இளங்கவிஞர்களுக்கு வழங்குதல் வேண்டும். மூன்றும் பெரும்பொருள் கேட்பவை அல்ல. முன்னதற்கு ஒழுங்கும், நடுவதற்குப் பொறுமையும், கடைசிக்குக் கொடை மனமும் போதும்.

இருபதாம் ஆண்டு மலரைத் தொகுக்கப் போகிறவர்கள் இந்த மலரின் கோப்பைத் திறந்து பார்ப்பார்கள். அப்போது அவர்கள் கண்ணில் படவேண்டியது கவிதை. அது எழுத்தாகவே அவர்களுக்குக் கிடைக்கட்டும்.